பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார்

தன் முன்னோரைப் பற்றிப் பேசுவதில் மகிழ்ச்சி கொள்ளாத சமூகம் உலகில் இல்லை. அஃது இயற்கையே. திருமணப் பந்தலிலும், சங்கக் கூட்டத்திலும், முதியோர் சிலர் கூடிய திண்ணையிலும் குலப்பெருமை பேசப்படாத நாள் அரிது. ஆயினும், அங்ஙனம் பேசப்படும் பெருமைகளுள் சான்றுடையன எத்தனை, சான்றில்லாதன எத்தனை என்று ஒருவர் எழுந்து கேட்பாராயின், அவையில் மௌனமே விடையாகும். அந்த வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் அஞ்சாது கேட்டு, கல்லிலும் செப்பேட்டிலும் அதற்கு விடை தேடித் தென்னாட்டுச் சரித்திரத்திற்கு ஓர் உறுதியான அஸ்திவாரம் இட்டவர் காலஞ்சென்ற பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஆவர். அன்னாருடைய சரிதத்தையும், அவர் தலைமை வகித்த சென்னைச் சர்வகலாசாலைச் சரித்திரப் பகுதியின் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் ஆற்றிய தொண்டுகளையும் நம் சங்க அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும், விசேஷமாக நம் இளைஞரும், அறிந்துகொள்ளுதல் நலமாகும்.

பிறப்பும் கல்வியும்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில், பொதிய மலையின் அடிவாரத்தை அடுத்துள்ள கல்லிடைக்குறிச்சி, வித்துவான்களுக்கும் சங்கீத ரஸிகர்களுக்கும் பெயர்போன ஊர். அவ்வூரில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி, தெலுங்கு நியோகி அந்தணர் குடும்பமொன்றில் நீலகண்ட சாஸ்திரியார் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கலாசாலையில் கற்றுத் தேறிய பின்னர்ச் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கலாசாலையில் சேர்ந்து எம். ஏ. பட்டம் பெற்றார். அப்பரீட்சையில் ராஜதானி முழுவதிலும் முதல்வராகத் தேறினார்.

அக்காலத்தில் இத்தகைய வெற்றியடைந்த இளைஞர், வக்கீல் தொழிலையோ சர்க்கார் உத்தியோகத்தையோ நாடுவதே வழக்கம். செல்வமும் செல்வாக்கும் அங்கேதான் இருந்தன. சாஸ்திரியாரோ தாம் கற்ற திருநெல்வேலிக் கலாசாலைக்கே திரும்பிச் சென்று, 1913 முதல் 1918 வரை அங்கு ஆசிரியராக அமர்ந்தார். 1918 முதல் 1920 வரை காசி இந்து சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராக விளங்கினார். அதன்பின் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவியதும், பின்னர் 1929இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையாக வளர்ந்ததுமான கலாசாலையின் தலைமை ஆசிரியர் பதவியை வகித்தார். சிறிது காலம் திருச்சி நேஷனல் கலாசாலையிலும் பணி புரிந்தார். 1929ஆம் ஆண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலையின் இந்திய சரித்திர, புதைபொருளாராய்ச்சிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 37.

சரித்திரப் பகுதியின் தோற்றம்

சாஸ்திரியார் வந்து அமர்ந்த பீடம் வெறும்பீடம் அன்று. சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் தோன்றியதாயினும், நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. ஆராய்ச்சிக்கென்று இந்திய சரித்திரப் பகுதி ஒன்று 1914ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் முதற் பேராசிரியர் கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் 1871இல் பிறந்த எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார். அவர் பெங்களூர் சென்ட்ரல் கலாசாலையில் ஆசிரியராக இருந்தவர். விஜயநகர சரித்திரத்திற்கு ஆதாரமான ஸம்ஸ்கிருத, தெலுங்கு நூற்பகுதிகளைத் திரட்டி 1919இல் அவர் வெளியிட்ட தொகுதியும், தென்னாட்டின்மீது நிகழ்ந்த முகம்மதியர் படையெடுப்புகளைப் பற்றி 1921இல் எழுதிய நூலும் அறிஞரால் போற்றப்பட்டன. அவருடைய மேற்பார்வையில் ஆர். சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் சரித்திரத்தையும் (1924), ஆர். கோபாலன் காஞ்சிப் பல்லவர் சரித்திரத்தையும் (1928) எழுதி வெளியிட்டனர். ஒரு பேராசிரியர் தாம் எழுதுவதோடு நில்லாமல் தம் மாணாக்கரையும் எழுதச் செய்து, அவற்றை ஒரே வரிசையில் அச்சிட்டு உலகுக்கு வழங்கும் வழக்கம் அவரால் தொடங்கப்பட்டதாகும்.

இப்பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முந்திய நிலையை நினைத்தல் வேண்டும். இந்திய சரித்திரம் என்ற பெயரால் வெளிவந்த ஆங்கில நூல்களில் மௌரியரும் குப்தரும் மொகலாயரும் பல அத்தியாயங்களைப் பெற்றனர். தென்னாட்டு அரசர்களுக்கோ சில பக்கங்களே கிடைத்தன. சான்றுகள் இல்லாமையால் நேர்ந்த குறை அன்று இது. ஜெர்மானிய அறிஞரான ஹுல்ட்ஷ், தென்னிந்தியச் சாசனங்கள் என்னும் வரிசையின் முதற்றொகுதியை 1890இலேயே வெளியிட்டிருந்தார். வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி முதலிய சாசனப் பரிசோதகர்கள் கோயில் கோயிலாகச் சென்று படியெடுத்த சாசனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்துகிடந்தன. அவற்றிற் கண்ட வானநிலைக் குறிப்புகளைக் கணித்துச் சோழர் ஆட்சியாண்டுகளைக் கீல்ஹார்ன் என்னும் அறிஞர் வரையறுத்திருந்தார். ராஜராஜன் அரியணை ஏறியது 985இல் என்று நாம் இன்று ஐயமின்றிச் சொல்வது அவர் கணிதத்தின் பயனே. 1919இல் வி. ரங்காசாரியார், ராஜதானிச் சாசனங்களை ஊர்வாரியாக வகுத்து மூன்று பாகங்களாக ஓர் அட்டவணை வெளியிட்டார். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் இவ்வாறு சேர்ந்துவிட்டன. வீட்டைக் கட்டும் சிற்பியே வேண்டியிருந்தது.

பாண்டியர் சரித்திரம்

அச்சிற்பியாக வந்தவர் சாஸ்திரியார். சென்னைப் பதவியேற்ற 1929ஆம் ஆண்டிலேயே அவருடைய பாண்டிய ராஜ்ய சரித்திரம் வெளிவந்தது. அந்நூலில் இடம்பெறும் சாசனங்களுள் வேள்விக்குடிச் செப்பேடு நம்மனோர் மறவாது அறியத்தக்கது.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுஞ்சடையன் என்னும் பாண்டியன் ஆட்சி புரிந்த மூன்றாம் யாண்டில், நற்சிங்கன் என்பவர் மதுரை மாநகரில் அரசனை அணுகி முறையிட்டார். வேள்விக்குடி என்னும் ஊர், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியால் தம் முன்னோரான நற்கொற்றனுக்கு வழங்கப்பட்டதென்றும், களப்பிரர் காலத்தில் அது பறிபோயிற்றென்றும், அதனை மீட்டுத் தரல் வேண்டுமென்றும் அவர் கோரினார். அரசன் அவருடைய குலத்தின் பழமையைக் கேட்டவுடனே உருகி ஊரை வழங்கிவிடவில்லை. பழமையை மெய்ப்பித்துப் பெறுக என்று கட்டளையிட்டான். அவரும் அவ்வாறே மெய்ப்பித்துக் காட்டினார். அதன் பின்னரே ஊர் மீண்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாண்டியன், முன்னோர் பெருமையை நாடி வந்தவரிடம் சான்று கேட்டான். அந்த அந்தணரும் சான்று காட்டினார். சாஸ்திரியார் தம் நூல்களில் கைக்கொண்ட முறை இந்த அரசன் முறையே என்று கூறுதல் மிகையாகாது.

சோழர் சரித்திரம்

1932இல் சோழர் சரித்திரமும் ஆட்சிமுறையும் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை நூலாக்கினார். அதன்பின் 1935இலும் 1937இலும் இரண்டு பாகங்களாகச் சோழர் சரித்திரம் வெளிவந்தது. இதுவே அவருக்கு அழியாப் புகழைத் தந்த நூல். 1955இல் இதனைத் திருத்தி மறுபதிப்பாக வெளியிட்டார். முதற்பதிப்புக்குப் பின் கிடைத்த சாசனங்களைச் சேர்த்து, பழைய முடிவுகளை வேண்டியவிடத்து மாற்றிக்கொண்டார். தாம் முன்னர்ச் சொன்னதை மாற்றிக்கொள்ளுதல் மானக்குறைவு என்று அவர் கருதவில்லை.

உத்தரமேரூர்ச் சாசனங்களை அவர் ஆராய்ந்த முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதற் பராந்தகனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கோயிற் சுவரில் வெட்டுவித்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்தோருள் 12 பேர் சம்வத்ஸர வாரியத்தும், 12 பேர் தோட்ட வாரியத்தும், 6 பேர் ஏரி வாரியத்தும் 360 நாள் பணி செய்தனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரே இதற்குத் தகுதியுடையார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். முதற் சாசனத்தில் வயது 30க்கு மேல் 60க்குள் என்று இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றிவிட்டனர். அனுபவத்திற் கண்ட குறையைச் சபையாரே திருத்திக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

இச்செய்தியைக் கேட்டவுடன், குடியாட்சி நம் நாட்டில் அன்றே தழைத்தது என்று மேடைகளில் முழங்குவார் பலர். சாஸ்திரியார் சபையாரின் திறமையைப் போற்றினார். ஆனால் அதன் எல்லையையும் காட்டினார். சபை என்பது பிரமதேய ஊர்களில் நிலமுடைய அந்தணர் கூடிய அவை. ஏனைய ஊர்களில் நிலமுடையார் கூடியது ஊர் எனப்பட்டது. வணிகர் கூடியது நகரம். இவற்றிற்கு மேற்பட்ட பரப்புடையது நாடு. இவ்வேறுபாடுகளைச் சாசனச் சொற்களைக்கொண்டே அவர் பிரித்து விளக்கினார். உள்ளதை உள்ளவாறு கூறினால் பெருமை குறைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இல்லை.

கரிகாலனைப் பற்றிய ஆராய்ச்சியும் இத்தகையதே. பத்துப்பாட்டிற் காணும் கரிகாலன் வேறு; பிற்காலக் கதைகள் வளர்த்த கரிகாலன் வேறு. முற்பட்ட பாடல்களில் அவன் வெண்ணியில் வென்ற வீரனாகவும் காவிரிப்பூம்பட்டினத்து வேந்தனாகவும் தோன்றுகின்றான். காலம் செல்லச் செல்ல, இமயம் வரை சென்றான் என்றும், பகையரசரைக்கொண்டு காவிரிக்குக் கரை எடுப்பித்தான் என்றும் செய்திகள் ஏறிக்கொண்டே போயின. ஆந்திர நாட்டில் ஆண்ட தெலுங்குச் சோடர் எனப்படும் சிற்றரசர் பலர், தாம் கரிகாலன் வழித்தோன்றல்கள் என்று செப்பேடுகளில் பொறித்துக்கொண்டனர். சாஸ்திரியார் இப்படிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். புகழ்பெற்ற மன்னன் ஒருவனைத் தம் மூதாதையாக்கிக்கொள்ளும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியது அன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

உடையார்குடிச் சாசனம்

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் தொடர்கதையை வாசியாத தமிழ்க் குடும்பம் மிகச் சிலவே. 2022, 2023 ஆண்டுகளில் அது திரைப்படமாகவும் வெளிவந்தமையால், ஆதித்த கரிகாலன் கொலை சிறுவரும் பேசும் பொருளாயிற்று. அக்கொலையைப் பற்றிய நேர்ச்சான்று காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடிக் கோயிற் சாசனமாகும். ராஜகேசரி ஒருவரின் இரண்டாம் ஆட்சியாண்டில் எழுந்த இச்சாசனம், பாண்டியன் தலை கொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவருடைய உடைமைகளைப் பற்றிக் கூறுகின்றது. அவருள் பிரமாதிராஜன் என்னும் உயர்ந்த பட்டம் பெற்ற அதிகாரிகளும் இருந்தனர். இந்த ராஜகேசரி முதலாம் ராஜராஜனே என்பர்.

இச்சாசனத்தை ஆராய்ந்த சாஸ்திரியார், கொலைகாரர் மீது நடவடிக்கை உத்தமசோழன் ஆட்சி முடியும்வரை முற்றுப்பெறாததைக் கருதி, அவ்வுத்தமசோழனுக்கே இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். கும்பகோணம் உயர்தரப் பாடசாலையில் தமிழாசிரியராக இருந்து, பின் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி புரிந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இம்முடிவை ஏற்கவில்லை. உத்தமசோழன் குற்றவாளியாயின் குடிகளும் அரச குடும்பத்தாரும் அவனை அவ்வாறு மதித்திருப்பரோ என்று அவர் வேறு வகையிற் பொருள் கொண்டார். அவர் 1949 முதல் தமிழிலேயே மூன்று பகுதிகளாக வெளியிட்ட பிற்காலச் சோழர் சரித்திரம் இன்றும் போற்றப்படுவது. இருவரும் ஒரே கல்லைப் படித்தனர். இருவேறு முடிவுக்கு வந்தனர். அவ்வேறுபாட்டினால் சரித்திரம் கெடவில்லை, தெளிவுற்றது. கல்கியும் இவ்விருவர் ஆராய்ச்சிகளையும் துணையாகக் கொண்டே தம் கதையைப் புனைந்தார். எது சாசனம், எது ஊகம், எது கற்பனை என்று பிரித்தறிய நம் குழந்தைகளுக்குக் கற்பித்தல் பெற்றோர் கடமையாகும்.

கடல் கடந்த தமிழர்

சாஸ்திரியாருடைய நோக்கம் தமிழகத்து எல்லையோடு நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அதே ஸ்ரீவிஜயத்தின்மீது ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை செலுத்தினான். இந்நட்பும் பகையும் எவ்வாறு ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தன என்பதை அறிய, கிழக்கிந்தியத் தீவுகளைப் பற்றி பிரெஞ்சு, டச்சு அறிஞர்கள் செய்த ஆராய்ச்சிகளையும் அவர் துருவினார். ஸுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னுமிடத்தருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனத்தைப் பற்றி 1932இல் அவர் எழுதிய கட்டுரை, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் அத்தீவில் நிலைபெற்று வாணிகம் செய்ததை விளக்கிற்று. ஸ்ரீவிஜய சரித்திரம் பற்றியும், தூரகிழக்கு நாடுகளில் தென்னிந்தியச் செல்வாக்கைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் 1949இல் வெளிவந்தன. 1939இல், மெகஸ்தனிஸ் முதல் சீன யாத்திரிகர் வரை அயல்நாட்டார் தென்னாட்டைப் பற்றி எழுதிய குறிப்புகளைத் திரட்டி ஒரு தொகுதியாக்கினார்.

உடனாசிரியரும் மாணாக்கரும்

ஒரு குருவின் பெருமை அவர் விட்டுச்சென்ற சிஷ்யர்களால் அளக்கப்படும். சாஸ்திரியார் 1929 முதல் ஏறக்குறைய 17 ஆண்டுகள் தலைமை வகித்த பகுதி, தென்னாட்டுச் சரித்திராசிரியர் பலர்க்குத் தாய்வீடாயிற்று.

வி. ஆர். ராமசந்திர தீக்ஷிதர் மௌரியர் ஆட்சிமுறையைப் பற்றி 1932இல் நூல் எழுதினார். 1939இல் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். என். வேங்கடரமணய்யா விஜயநகரத்து மூன்றாம் வமிசத்தைப் பற்றி 1935இல் எழுதினார். அவரும் சாஸ்திரியாரும் கூடி விஜயநகர சரித்திரத்திற்கு மேலும் பல ஆதாரங்களைத் திரட்டி 1946இல் வெளியிட்டனர். ஆ. அப்பாதுரை, 1000 முதல் 1500 வரையுள்ள ஐந்நூறு ஆண்டுகளின் தென்னிந்தியப் பொருளாதார நிலையை 1936இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிற்காலத்தில் டில்லியில் சர்வதேச விவகாரக் கல்விக்கு முன்னோடியாகத் திகழ்ந்தார். டி. வி. மகாலிங்கம் விஜயநகர ஆட்சியையும் சமூக வாழ்வையும் 1940இல் ஆராய்ந்து எழுதினார். பின்னர்ச் சர்வகலாசாலையின் பண்டைச் சரித்திர, தொல்பொருட் பகுதிக்குத் தலைவராகி, உறையூர் முதலிய இடங்களில் அகழ்வாராய்ச்சி நடத்தினார். சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் நூல் எழுதிய கே. கே. பிள்ளை, பின்னாளில் இந்திய சரித்திரப் பேராசிரியர் பதவியை வகித்துத் தமிழர் சமூக சரித்திரத்தில் உழைத்தார்.

இவர்கள் எல்லாருள்ளும் நம் குடும்பப் பெண்மணிகள் முதலில் அறியவேண்டியவர் டாக்டர் சி. மீனாட்சி. 1905இல் பிறந்து இளமையிலேயே தந்தையை இழந்தவர். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையில் சரித்திரம் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார். மேற்கல்விக்குக் கிறிஸ்தவக் கலாசாலையை நாடியபோது, அங்குப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவருடைய சகோதரர் பரிந்து நின்றதனால் அத்தடை நீங்கிற்று. பின்னர்ச் சாஸ்திரியாரின்கீழ் பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து 1936இல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைச் சர்வகலாசாலையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவ்வாராய்ச்சி 1938இல் நூலாயிற்று. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவர்களில் பல்லவ வமிச சரித்திரம் சிற்பவரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதனை ஒன்றன்பின் ஒன்றாக இனங்கண்டு விளக்கினார். பெங்களூர் மகாராணி கலாசாலையில் பதவி பெற்ற சில மாதங்களில், 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 34ஆம் வயதில் அவர் மறைந்தார். சிற்பங்களைப் பற்றிய நூல் அவர் கண்மூடிய பின், 1941இல் வெளிவந்தது. பெண்ணுக்கு மேற்கல்வி எதற்கு என்று இன்னும் கேட்பார் நம்மிடையே உளராயின், இச்சரிதம் அவர்க்கு விடை கூறும்.

குறைகளாகக் கூறப்பட்டன

ஒருவர் சரிதத்தை எழுதுங்கால் புகழ்ச்சியே நிரப்புதல், அதுவும் சான்றையே தெய்வமாகக் கொண்ட ஒருவர் விஷயத்தில், பொருந்தாது. ஆகவே அவர்மீது சொல்லப்பட்ட குறைகளையும் இங்குக் குறிப்போம்.

முதலாவது, மொழி. தாய்மொழியில் தரமான சரித்திர நூல்கள் இல்லையே என்று வங்காளத்து யதுநாத ஸர்க்கார் 1915ஆம் ஆண்டில் வருந்தி எழுதினார். அதனையொட்டி அக்காலத்து இளம் ஆசிரியரான சாஸ்திரியார், தமக்குத் தமிழைக் காட்டிலும் ஆங்கிலமே கருத்தை வெளியிட ஏற்றதாயிருக்கின்றது என்று பத்திரிகைக்கு எழுத, மகாகவி பாரதியார் அக்கருத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பழந்தமிழ் இலக்கியத்தைப் பயன்படுத்துவதில் சாஸ்திரியார் பெரும்பாலும் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையையே நம்பினார் என்றும் கூறுவர். தமிழரசர் சரித்திரத்தைத் தமிழுலகம் நெடுங்காலம் ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிய நேர்ந்தது. சோழர் சரித்திரம் தமிழில் வெளிவரப் பல பத்தாண்டுகள் கடந்தன. இக்குறையை நிரப்பியவர் பண்டாரத்தார் போன்றவர்களே. பாரதியாரின் சினத்திற்குக் காலம் நியாயம் வழங்கியது என்றே சொல்லலாம்.

இரண்டாவது, முடிவுகள். சோழப் பேரரசை வலிமைமிக்க மத்திய ஆட்சியாகவும், ஊராட்சியை அதனோடு இயைந்ததாகவும் அவர் தீட்டினார். 1980இல் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் இதனை மறுத்து, சோழர் அதிகாரம் நாடுகள்தோறும் பிரிந்து கிடந்தது என்றார். ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் நம் நாட்டு எ. சுப்பராயலுவும், ஆயிரக்கணக்கான சாசனப் பெயர்களையும் பட்டங்களையும் எண்ணிக் கணக்கிட்டு, இவ்விரு கருத்துகளையும் திருத்தும் வகையில் எழுதினர். வட இந்திய ஆரியத் தொடர்புக்கு அவர் அளவுக்கு மீறி இடம் கொடுத்தார் என்று கருதுவோரும் உண்டு. எனினும் இவரை மறுக்க வந்த எவரும் இவருடைய நூலைத் திறவாமல் தொடங்க இயலவில்லை. அவர் அடிக்குறிப்புகளில் ஒவ்வொரு சாசனத்தின் எண்ணையும் ஆண்டையும் ஒளிவின்றிக் கொடுத்திருந்தமையால், அவரோடு மாறுபடுவார்க்கும் அவரே வழிகாட்டியானார்.

பிற்காலம்

சர்வகலாசாலையை விட்டு நீங்கிய பின்னும் அவருக்கு ஓய்வு இல்லை. 1952 முதல் 1955 வரை மைசூர்ச் சர்வகலாசாலையில் இந்தியவியல் பேராசிரியராக இருந்தார். 1955இல் தென்னிந்திய சரித்திரம் முழுவதையும் ஒரே நூலில் அடக்கி வெளியிட்டார்; ஆதிகாலம் முதல் விஜயநகர வீழ்ச்சி வரை கூறும் அந்நூல், கலாசாலை மாணாக்கர் பல தலைமுறையினர்க்குப் பாடநூலாயிற்று. 1957இல் இந்திய அரசாங்கம் பத்ம பூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. அவ்வாண்டு முதல் 1972 வரை, யுனெஸ்கோவின் ஆதரவில் சென்னையில் நடந்த மரபுவழிக் கலாசார நிலையத்தின் தலைவராக உழைத்தார். 1959இல் சிகாகோ சர்வகலாசாலையில் விரிவுரைகள் ஆற்றினார். சங்க இலக்கியத்தைப் பற்றிய அவருடைய நூல் 1972இல், எண்பதாம் வயதில், வெளிவந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் தேதி தமது 82ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் கடமை

இச்சரிதத்தைப் படித்து, இன்ன குலத்தார் இத்தகையவரைப் பெற்றனர் என்று மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுதல் போதாது. அவரே கைக்கொண்ட அளவுகோலை நாம் கைக்கொள்ளுதலே அவர்க்குச் செய்யும் மரியாதை.

நம் நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு குலபுராணம் வைத்திருக்கின்றது. ஒரே அரசனைத் தம் முன்னோன் என்று மூன்று நான்கு சமூகத்தார் உரிமை கொண்டாடி, விழா எடுத்து, சில வேளை மனவேற்றுமையும் அடைகின்றனர். ராஜராஜன் தன் குலத்தைச் சோழகுலம் என்றும் சூரியவமிசம் என்றும் சாசனங்களில் சொல்லிக்கொண்டான். இன்றைய ஜாதிப் பெயர் எதனையும் அவன் சொல்லிக்கொண்டிலன். சான்று நிற்கும் இடத்தில் நாமும் நிற்றலே அழகு. நம் சங்கத்து வெளியீடுகளிலும் மலர்களிலும் முன்னோரைப் பற்றி எழுதுவோர், ஒவ்வொரு செய்திக்கும் இது சாசனமா, பத்திரமா, வாய்மொழியா என்று குறிப்பிடுவாராயின், நம் பேரப்பிள்ளைகள் நம்மை நம்புவர். வேள்விக்குடி நற்சிங்கன் மெய்ப்பித்துப் பெற்றது போல நாமும் மெய்ப்பித்துப் பெறுவோமாக.

இரண்டாவது, சான்றுகளைக் காத்தல். பழைய ஓலைச் சுவடிகள், நிலப் பத்திரங்கள், கடைக் கணக்குகள், சத்திர தர்ம ஏடுகள், பாட்டனார் எழுதிய நாட்குறிப்புகள் ஆகியவை பல வீடுகளின் பரண்களில் செல்லரிக்கின்றன. வீட்டை இடித்து அடுக்கு மாளிகை கட்டும்போது அவை குப்பைக்குச் செல்கின்றன. நந்தனத்தில் வாழும் நம்மவர் அடையாற்றைக் கடந்தால் கோட்டூர்புரத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் உள்ளது. பெசன்ட்நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலகமும், பழைய அச்சு நூல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. ஒரு சுவடியை அங்குக் கொண்டுபோய்ச் சேர்த்தல் ஒரு புண்ணிய கைங்கரியத்திற்குக் குறைந்தது அன்று.

மூன்றாவது, கோயில்கள். நம் அங்கத்தினருள் சொந்த ஊர்க் கோயில்களின் தர்மகர்த்தாக்களும் திருப்பணிக் குழுவினரும் பலர். கும்பாபிஷேகத்தை முன்னிட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் பூசுவதாலும், மணலை வேகமாகப் பீச்சிச் சுத்தம் செய்வதாலும், தளம் உயர்த்துவதாலும் சாசன எழுத்துகள் தேய்ந்து மறைகின்றன. உத்தரமேரூரிலும் உடையார்குடியிலும் யாரோ ஒரு தர்மகர்த்தா அச்சுவர்களை அழித்திருப்பாராயின், சாஸ்திரியார் எதைக்கொண்டு எழுதியிருப்பார்? ஆதலால் திருப்பணிக்கு முன் தொல்லியல் துறையினரை அழைத்துச் சாசனங்களைப் படியெடுக்கச் செய்தல் இன்றியமையாதது.

நான்காவது, மாணாக்கர். வைத்தியமும் பொறியியலும் கணிப்பொறியும் அன்றி வேறு கல்வியில்லை என்று பெற்றோர் எண்ணும் காலமாயிருக்கின்றது. நந்தனம் அரசினர் கலைக் கல்லூரியிலும் சேப்பாக்கத்துச் சர்வகலாசாலையிலும் சரித்திரம் பயிலும் ஏழை மாணவர் உளர். நம் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ சாசனப் பயிற்சிக்கென உபகாரச் சம்பளம் ஒதுக்குதல் தகும். எம். ஏ. பரீட்சையில் முதல்வராகத் தேறிய பின்னும் செல்வம் தரும் தொழிலை நாடாது ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட ஓர் இளைஞரால் தென்னாட்டுக்கு விளைந்த நன்மையை மேலே கண்டோம். அத்தகைய மற்றொருவர் இன்று நம்மிடையே ஏதேனும் ஒரு வீட்டில் படித்துக்கொண்டிருக்கலாம். அவரைத் தேடிக் கண்டு கைதூக்கி விடுதல் நம் சங்கத்தின் பொறுப்பாகும்.